பேயைக் காட்டணுமா வேணாமா? ஒரு 1957 படமும் எங்க மொட்டமாடி சண்டையும்

நைட் ஆஃப் தி டீமன் பாத்து முடிச்ச உடனே எங்க செட்டு ரெண்டா பிரிஞ்சிடுச்சி. புதுச்சேரி வைத்திக்குப்பத்துல ஃப்ரெண்டு வீட்டு மொட்டமாடி, சுவத்துல ப்ரொஜெக்டர், கடலூர்லேருந்து வந்திருந்த எங்க அத்தையும் பாய் போட்டு உக்காந்துட்டாங்க. படம் 1957, கறுப்பு வெள்ள. இங்கிலாந்து பேய்க்கதை எழுத்தாளர் எம்.ஆர்.ஜேம்ஸ் 1911ல ஒரு தொகுப்புல போட்ட காஸ்டிங் தி ரூன்ஸ்ங்கற கதைலேருந்து எடுத்தது, டைரக்ட் பண்ணவரு ஜாக் டூர்னர், அதுக்கு முன்னாடி 1942ல கேட் பீப்புள் எடுத்தவரு.

கார்ஸ்வெல்னு ஒரு மந்திரவாதி. என்னவோ எழுத்து கிறுக்குன ஒரு துண்டு சீட்ட புஸ்தகத்தோட, ஃபைலோட சேத்து ஆளுக்கே தெரியாம கைல குடுத்துடுவான், சீட்டு யாருகிட்ட இருக்கோ அவன் சொன்ன நாள்ல செத்தான், தப்பிக்கணும்னா அதே மாதிரி கார்ஸ்வெல்லுக்குத் தெரியாம அவன் கைக்கே திருப்பித் தள்ளணும். இப்படி மாட்டிக்கறவரு ஹோல்டன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், பேய் பிசாசு எல்லாம் வெறும் பிரமைன்னு மேடையில பேசறதுக்காகவே லண்டனுக்கு வந்தவரு.

சண்ட எங்க வந்துதுன்னா, சீட்டு வச்சிருக்கறவன கொல்ல வர்ற பேய, படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே முழுசா காட்டிடறாங்க, கடைசிலயும் இன்னொரு தடவ காட்டறாங்க. புகைக்குள்ளேருந்து மரத்துக்கு மேல உயரமா வருது, கொம்பு, பல்லு எல்லாம் க்ளோசப்ல தெரியுது. டைரக்டருக்கு இப்படிக் காட்டறதுல இஷ்டமே இல்ல, ப்ரொட்யூசர் ஹால் செஸ்டர்தான் காட்டியே ஆவணும்னு நின்னாரு, திரைக்கதை எழுதுன சார்லஸ் பென்னட்டுக்கும் அதுல செம கோவம்.

செட்டுலயே சின்னப் பையன் சொன்னான், "அண்ணே பேய் படத்துல பேய காட்டலன்னா எதுக்குண்ணே பாக்கணும், எனக்கு அந்த சீன் மட்டும்தான் பயமா இருந்துச்சி". ஃப்ரெஞ்ச் படமா பாத்துத் தள்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவரு ஒரேடியா, ரெண்டு இடத்துலயும் வெட்டி எறிஞ்சிருக்கணும்னாரு. அத்தை பேயப் பத்தியே பேசல. "ஏவுனவன் மேலயே திரும்பும்டா, கரெக்டா எடுத்திருக்கான், அந்தச் சீட்டுதான் வினை"ன்னாங்க. திருப்பாப்புலியூர் பக்கம் ஏவல், செய்வினைன்னு சின்ன வயசுலேருந்து கேட்டு வளந்தவங்க, இங்கிலீஷ் புரியாமலே அவங்களுக்கு கதை ஒரு இடத்துலயும் சிக்கல.

என் கணக்கு இதுதான். கடைசில காட்டுனது சரி, மொதல்ல காட்டுனது பெரிய தப்பு. ஏன்னா இந்தப் படம் முழுக்க ஹோல்டன் மனசுக்குள்ள நடக்கற சந்தேகம்தான், அந்த சந்தேகம் நமக்கும் வரணும், இது நெஜமா இல்ல இந்தாளு மனசக் கெடுக்கறானான்னு நாமளும் அவரோட சேந்து தவிக்கணும், ஆனா நாம ஏற்கனவே பேயப் பாத்துட்டோம், அப்புறம் அவரு இல்ல இல்லன்னு சொல்றப்ப எல்லாம் எப்படா இவனுக்குப் புரியும்னு எரிச்சல்தான் வருது. ஹோல்டனா நல்லா நடிச்ச டானா ஆன்ட்ரூஸ் இதனால வீம்பு புடிச்ச ஆளா தெரியறாரு.

பேயே இல்லாம பயங்காட்ட அந்த டைரக்டருக்கு தெரியும்ங்கறதுக்கு படத்துக்குள்ளயே சாட்சி இருக்கு. ரூம்ல அந்தச் சீட்டு கைலேருந்து நழுவி நேரா கணப்பு அடுப்புக்குப் பறந்து போவும், நெருப்புக்கு முன்னாடி இருக்கற தடுப்புல போய் ஒட்டிக்கிட்டு, உள்ள பூந்துடணும்னு படபடன்னு அடிச்சிக்கும். காத்துல அடிக்குதா, இல்ல அதுக்கு உசுரு இருக்கான்னு சொல்லவே முடியாது. அது எரிஞ்சிட்டா திருப்பிக் குடுக்க ஒண்ணும் இருக்காது, ஹோல்டன் கத முடிஞ்சிது. ஒரு துண்டு பேப்பர்தாங்க, மொட்டமாடில ஒருத்தர் வாயத் தொறக்கல!

ஜேம்ஸும் கதைல அப்படித்தான் பண்ணுவாரு. டன்னிங்னு ஒருத்தர் ராத்திரி இருட்டுல தலகாணிக்கு அடியில கைய விடுவாரு, ஒரு வாய் தட்டுப்படும், பல்லு இருக்கும், சுத்தி முடி இருக்கும், மனுஷ வாய் கெடையாது. அவ்ளோதான், அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. நான் படிச்சதுல அந்த ரெண்டு மூணு வரிக்கு ஈடா இன்னொண்ணு சொல்லத் தெரியல.

கார்ஸ்வெல்லா வர்ற நயல் மெக்கின்னிஸப் பத்தி சொல்லாம விட்டா பாவம். கோமாளி வேஷம் போட்டு ஊர் புள்ளைங்களுக்கு மேஜிக் காட்டிக்கிட்டு இருப்பாரு, சிரிச்ச முகம், அந்த வேஷத்தோடயே ஹோல்டனுக்காக ஒரு புயல வரவழைப்பாரு. 'தானே'ங்கற புயல் அடிச்ச ஊர்ல உக்காந்து அத பாத்தா வேற மாதிரி இருக்கு, நாற்காலி எல்லாம் பறக்க ஆரம்பிச்சதும் அத்தை எழுந்தே உக்காந்துட்டாங்க. அப்புறம் தன் அம்மாகிட்ட அவரு பேசற இடத்துல, இவனும் பயந்துக்கிட்டுதான் வாழறான்னு தெரியும்போது அந்தாளு மேலயே பாவம் வந்துடுது.

பாக்கறவங்க லெந்த்த பாத்து எடுங்க. அமெரிக்காவுல கர்ஸ் ஆஃப் தி டீமன்னு பேர மாத்தி பத்து நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க, தொண்ணூத்தஞ்சு நிமிஷத்துக்கு பக்கமா இருக்கற இங்கிலாந்து பிரிண்ட்தான் முழுசு. முடிஞ்சா பேய் வர்ற அந்த மொத சீன மட்டும் ஓட்டிவிட்டுட்டு பாருங்க, அப்புறம் வந்து எந்தக் கட்சின்னு சொல்லுங்க.