ஹூட் போடும் நேரம்

கொழும்பில் திறந்த ஜீப் ஓட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" என்றுதான். 11 வருடமாக இதே கேள்வி. வெயிலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. இடியைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் என் மனைவி.

வண்டி 1944இல் செய்த வில்லிஸ். யுத்தத்துக்காகச் செய்த ஜீப். அதே வருடம்தான் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றினார், அந்தக் காலத்தில் இப்படியான ஜீப்புகள் இலங்கை முழுக்க ஓடின, யுத்தம் முடிந்த பிறகு பல இங்கேயே தங்கிவிட்டன. என்னுடைய சொந்த வண்டி இல்லை. ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வண்டி, நான் சாரதி, வழிகாட்டியும் நானே. கோட்டையில் தொடங்கி, புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை, பிறகு திரும்பிக் காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம் என்று மூன்று மணித்தியாலச் சுற்று. இடையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022இல் கியூஆர் வைத்து வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் தந்த நாட்களிலும் வண்டி மாதக்கணக்காகப் படுத்திருந்தது. அதை விடுவோம், அந்த நாட்களில் எல்லோருக்கும் கஷ்டம்தான்.

முதலில் மழையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மழை எனக்குப் பழகிவிட்டது.

கொழும்பில் மே மாதமும் பிறகு ஒக்டோபர், நவம்பரும்தான் பெரிய மழை. இந்த வண்டியில் வைப்பர் மோட்டார் கிடையாது. கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது, அதைக் கையால் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை வைப்பரில், கியர் மாற்ற வேண்டும் என்றால் வைப்பரை விட வேண்டும், அந்த இரண்டு விநாடிக்கு முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கரைந்து தெரியும். பெற்றோல் தாங்கி சாரதியின் இருக்கைக்கு அடியில். அடிக்கிற மழையில் ஷெட்டுக்குப் போனால் நான் இறங்கி, மெத்தையைத் தூக்கி, தாங்கியின் வாய்க்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன், பெற்றோல் அடிக்கிற பையனும் நானும் நனைவோம். தாங்கிக்குள் ஒரு கோப்பை தண்ணீர் போனாலும் மறுநாள் காலை நடுத்தெருவில் நின்று இருமும்.

ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் நான் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பேன், என் பக்கத்தில் இருக்கும் பயணி நடுத்தெருப் பக்கம். மழை நாளில் பஸ் ஒன்று முந்திப் போனால் அதன் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் முழுவதும் அவருக்குத்தான். இதைச் சொல்லாமல் ஒருவரையும் முன்னால் ஏற்றுவதில்லை.

இன்னொன்று, திறந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவாக நனையாது. காற்று கண்ணாடிக்கு மேலால் மழையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், முன்னால் இருப்பவர்கள் தூறலில் காய்ந்தபடியே போகலாம். பின்னால் இருப்பவர்களின் பிடரியில்தான் அது சுழன்று வந்து விழும். ஆனால் சிக்னலில் நிறுத்தினீர்கள் என்றால் எல்லோரும் சமம். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்து நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பார்கள், ஆட்டோக்காரர்கள் மட்டும் "அண்ணே, இங்கால வந்து நில்லுங்க" என்று சிரிப்பார்கள்.

ஆமர் வீதியில் தண்ணீர் நின்றால் நான் போகவே மாட்டேன், சுற்றித்தான் போவேன். ஆரம்பத்தில் ஒரு தடவை போனேன். டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து எஞ்சின் நின்றது. இறங்கித் துணியால் துடைத்துக் கிளப்பினால் பிரேக் இல்லை! ட்ரம் பிரேக்குக்குள் தண்ணீர் போனால் அப்படித்தான், மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாக மிதித்து மிதித்துச் சூட்டில் காய வைக்க வேண்டும். பஞ்சிகாவத்தை நானாதான் அதைச் சொல்லித் தந்தார். இந்த வண்டிக்கு 40 வருடமாக வேலை பார்க்கிறவர். "தம்பி, தண்ணியில போறது பெரிய விஷயமில்ல, வெளிய வந்த பொறகு முதல் நூறு யார் தூரம்தான் விஷயம்" என்பார்.

ஹூட் பற்றியும் அவர்தான் சொல்லித் தந்தார். ஹூட் என்பது இரண்டு இரும்பு வளைவும் ஒரு கன்வஸ் துணியும். வளைவுகளை நிமிர்த்தி, துணியை இழுத்து, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, பின்னால் வார்களைப் போட்டு முடிக்க எனக்குத் தனியே நான்கு நிமிடம். புதுத் துணிக்கு நெய்லோன் வேண்டாம், பருத்திக் கன்வஸ்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். அது நனைந்தால் நூல் உப்பி இடைவெளி அடைபட்டுவிடும், அப்புறம் தண்ணீர் உள்ளே வராது. ஒரே ஒரு நிபந்தனை, மழை பெய்யும்போது உள்ளேயிருந்து விரலால் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும், பிறகு அந்த மழை விடும்வரை அங்கே சொட்டிக்கொண்டே இருக்கும். பயணிகளிடம் சொல்வேன். சொன்னவுடனே குழந்தைகள் தொட்டுப் பார்க்கும். பரவாயில்லை.

நனைந்த கன்வஸ் இறுகும். அதனால் மழை வந்த பிறகு ஹூட் போட முயன்றால் வார் எட்டாது, நான்கு நிமிட வேலை பத்து நிமிடம் ஆகும். மழைக்கு முன்பே, வெயில் இன்னும் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். பயணிகளுக்கு இது பிடிக்காது. திறந்த வண்டி என்றுதானே காசு கட்டினார்கள். வானம் நீலமாக இருக்கும்போது நான் வண்டியை ஓரங்கட்டி ஹூட்டை எடுத்தால் முகம் மாறும். ஆரம்பத்தில் அந்த முகங்களுக்காகத் தள்ளிப் போட்டேன். இப்போது தள்ளிப் போடுவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

வெயிலில் எனக்கு நடந்தது ஒரு ஏப்ரல் மாதம். ஏப்ரல் 7 அளவில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வரும், நடுப்பகலில் ஜீப்பின் நிழல் ஜீப்புக்கு அடியிலேயே ஒளிந்துவிடும். நிறுவனத்தின் அட்டவணையில் காலை 11 மணிச் சுற்று ஒன்று இருந்தது. வெளிநாட்டு இளம் சோடி ஒன்று வந்தது, இருவரும் நல்ல ஆரோக்கியம். தொப்பி போடச் சொன்னேன், காற்றில் பறக்கிறது என்று அந்தப் பையன் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். திறந்த வண்டியில் வெயில் இப்படித்தான் ஏமாற்றும். ஓடும்போது காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும், தோல் குளிர்ச்சியாக இருக்கும், உடம்பு உள்ளே கொதிப்பது தெரியாது, தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. இரண்டு மணித்தியாலம் கழிந்து சுதந்திர சதுக்கத்துக்கு வரும்போது அவன் தான் முன்பே கேட்ட கேள்வியை மூன்றாம் தடவை கேட்டான். திரும்பிப் பார்த்தேன். முகம் செங்கல் நிறம், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. வியர்க்க வேண்டிய வெயிலில் வியர்க்காத ஆளைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். மண்டபத்து நிழலில் படுக்க வைத்து, இருந்த தண்ணீரையெல்லாம் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றி, என் சாரத்தை நனைத்துப் போர்த்தி, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டான், இரண்டு நாள் வைத்தியசாலையில் இருந்தான்.

அந்தப் பெண்ணின் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவனைக் கொண்டுவந்து அந்த வெயிலில் வைத்தது நான். வானம் எங்கள் கையில் இல்லை, உண்மைதான், ஆனால் அந்த வானத்துக்குக் கீழே இன்னொருவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அதற்குச் சாரதிதான் பொறுப்பு, வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மரத்தடியில் நிறுத்துகிறேன், வேண்டாம் என்றாலும் தம்பிலி வெட்டிக் கொடுக்கிறேன், பங்குனி சித்திரையில் 11 மணிச் சுற்றுக்கு ஹூட் போட்டுத்தான் வண்டி எடுப்பேன். 11 மணிச் சுற்றே வேண்டாம் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது.

சரி, இடி.

ஒக்டோபரில் கொழும்பின் பின்னேர மழைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பகல் முழுக்கக் கடல்காற்று வீசும். மூன்று, நான்கு மணி அளவில் கிழக்கே, கடுவலைப் பக்கமாக, மேகம் கோபுரம் மாதிரி எழும்பும். பிறகு கடல்காற்று சட்டென்று நின்றுவிடும். மரத்து இலை அசையாது. கொஞ்ச நேரத்தில் தரைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடிக்கும், மண் வாசனையோடு. காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை, எனக்குக் கழுத்து மயிர் சொல்லிவிடும். அந்தக் குளிர்காற்று வந்தால் இனி அதிக நேரம் இல்லை.

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் கனடாவிலிருந்து வந்த குடும்பம். மகன், மருமகள், 78 வயது அம்மா. அம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், 83இல் போனவர், போன பிறகு இதுதான் முதல் தடவை. அவர்தான் திறந்த வண்டி கேட்டாராம். "காருக்குள்ள இருந்தா கண்ணாடியைத்தான் தம்பி பார்க்கலாம்" என்றார். முதலில் காலிமுகத்திடலைப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போவதாக ஏற்பாடு. திடலில் இறங்கி இறால் வடை வாங்கிக்கொண்டிருந்தபோது கடல்காற்று நின்றது.

நான் எண்ணத் தொடங்கினேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முதல் மின்னலுக்கு 27 எண்ணினேன், ஒன்பது கிலோமீற்றர். முப்பதுக்குள் வந்தாலே உள்ளே போக வேண்டிய நேரம். அடுத்தது 20. மூடிய காருக்குள் இருந்தால் மின்னல் இரும்பு உடம்பு வழியே இறங்கிப் போய்விடும், உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஜீப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஹூட் போட்டாலும் அது துணிதானே. திடலிலோ ஒதுங்க ஒரு கூரை கிடையாது, நிற்கிற மனிதர்தான் உயரம்.

அலுவலகத்துக்கு எடுத்துச் சொன்னேன், சுற்றை நிறுத்துகிறேன் என்று. "மழைக்கெல்லாம் நிறுத்தினால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும், ஹூட்டைப் போட்டு முடித்துவிட்டு வா" என்று பதில் வந்தது. மழை இல்லை, இடி என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஹூட் போட நிற்கவில்லை. எல்லோரையும் ஏற்றி நேரே பக்கத்துக் கட்டடம் ஒன்றின் நிலக்கீழ் தரிப்பிடத்துக்குள் வண்டியை விட்டேன். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் இருக்காது, மேலே வெடித்தது. கொங்கிரீட்டுக்குக் கீழே இருந்தும் நெஞ்சில் உணர்ந்தோம். அம்மா என் கையைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். வடையைப் பிரித்து நால்வரும் சாப்பிட்டோம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும், ஆறரைக்கும் இடி நிற்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போக முடியாமல், இடி ஓய்ந்த பிறகு ஹூட்டைப் போட்டு, மழையோடு அவர்களை ஹோட்டலில் கொண்டுபோய் விட்டேன். அந்த மாதச் சம்பளத்தில் அந்தச் சுற்றின் காசு கழிக்கப்பட்டிருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. காசுக்காக மட்டும் இல்லை, இரண்டும் ஒன்றுதானே என்று சொன்னதற்காக.

மகன் இரவு போன் பண்ணினார். மறுநாள் இரவு விமானம், விடியற்காலையில் வர முடியுமா என்று கேட்டார். வண்டியின் சொந்தக்காரரிடம் நேரே கேட்டு வாங்கிக்கொண்டு ஐந்தே முக்காலுக்குப் போனேன்.

மழை கழுவிய தெரு. ஹூட் இன்னும் ஈரமாக இருந்ததால் மடித்து வைக்காமல் (ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்) வீட்டில் கொடியில் போட்டுவிட்டு, வண்டியை முழுக்கத் திறந்தபடிதான் எடுத்துப் போனேன். அம்மா இந்தத் தடவை முன்னால், என் பக்கத்தில். புறக்கோட்டையில் லொறிகள் வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தன, கருவாடும் மிளகாயும் கலந்த வாசனை. செட்டியார் தெருவில் பூக்கடைகள் திறந்திருந்தன. கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலைத் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டார், அவர் சைவம், ஆனால் கொட்டாஞ்சேனை ஆட்கள் அப்படித்தான். ஜிந்துப்பிட்டி தாண்டி மேலே ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையோ என்று நினைத்தேன்.

ஒரு ஒழுங்கையைக் கடக்கும்போது பேக்கரி ஒன்றிலிருந்து பாண் வேகும் வாசனை வந்தது.

"தம்பி, நிப்பாட்டுங்கோ" என்றார், கண்ணைத் திறக்காமல். "இங்கதான்."

எஞ்சினை நிறுத்தினேன்.