முட்டி ஜவ்வும் கருத்தடை மாத்திரையும்: என் ஆபரேஷன் கதை

எனக்கு ஏசிஎல், அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் ஜவ்வு, கிழிந்துவிட்டது என்ற செய்தி எங்கள் வாலிபால் டீமுக்குப் போன அன்றே, அதற்கான காரணத்தையும் அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் போட்டுக்கொண்டிருந்த கருத்தடை மாத்திரைதானாம். "ஹார்மோன் மாத்திரை போட்டா ஜவ்வு தளந்துருங்க்கா" என்றாள் எங்கள் செட்டர், ஸ்பைக் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். வீட்டில் மாமனாருக்கு வேறு கணக்கு: புத்தூர் கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததால் அவர் கட்சி கொஞ்ச நாள் பலமாகவே இருந்தது. ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்று எலும்பு டாக்டரே சொன்ன பிறகுதான் அடங்கினார்.

அடிபட்டது ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில். ஸ்பைக் அடித்துவிட்டு இடது காலில் மட்டும் இறங்கினேன். முட்டி உள்பக்கமாக மடங்க, 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் வந்து மோதவில்லை. சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கி, மடக்கவே முடியவில்லை.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முட்டிக்குக் கீழே பிடித்து முன்பக்கம் இழுத்தார். நல்ல காலில் கொஞ்சம் வந்ததும் 'டக்'கென்று நின்றது. அடிபட்ட காலில் அந்த நிறுத்தமே இல்லை, இழுத்த இழுப்புக்கு வந்தது. எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முழுக் கிழிசல், ஆபரேஷன்தான், ஆனால் வீக்கம் வடிந்து முட்டி நேராக நீள ஆரம்பித்த பிறகு என்றார்.

அந்த இடைவெளியில்தான் செட்டர் சொன்னது மண்டையைக் குடைந்தது. குழந்தை பிறந்த பிறகு, நீர்க்கட்டிக்காகவும் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடவும் சேர்த்து மகப்பேறு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு வகை ஹார்மோனும் கலந்தது. எலும்பு டாக்டரிடம் கேட்டேன்: "அதெல்லாம் கைனகாலஜிஸ்ட்டைக் கேளுங்கம்மா." மகப்பேறு டாக்டரிடம் கேட்டேன்: "முட்டிக்கு ஆர்த்தோ என்ன சொன்னாரு?" இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள்தான். ஆனால் முட்டி ஒருவர் டிபார்ட்மெண்ட், மாத்திரை இன்னொருவர் டிபார்ட்மெண்ட். நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது நாம்தான்.

எனக்கு வங்கியில் வேலை. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடும் பழக்கமில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவது பல மடங்கு அதிகம். ஏசிஎல்லில் இருக்கும் செல்களிலேயே ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதை 1996-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதாமாதம் கருமுட்டை வெளியாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகிறது, அதையொட்டிய நாட்களில் முட்டி சற்றுத் தளர்வாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதுவரை செட்டர் கட்சிதான்.

ஆனால் கலவை மாத்திரை செய்வது இதற்கு நேர்மாறு. கருமுட்டை வெளியாவதையே அது நிறுத்திவிடுவதால் அந்த உச்சமே வருவதில்லை. 2014-ல் டென்மார்க்கில் முட்டி ஜவ்வு ஆபரேஷன் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோது, மாத்திரை போட்ட பெண்களுக்கு ஆபரேஷன் வரை போகும் ஏசிஎல் காயம் சுமார் 18 சதவீதம் குறைவாக இருந்தது. 2016-ல் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்விலும் 15 முதல் 19 வயதுப் பெண்களிடம் ஏறக்குறைய இதே கதை. அதற்காகத் துள்ளிக் குதிக்கவும் முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் பாஸ்கெட்பாலும் கால்பந்தும் ஆடும் பெண்களைக் கவனித்த 2006 ஆய்வில் மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பதிவேட்டில் யார் மாத்திரை வாங்கினார்கள் என்று இருக்கும், யார் வாரத்துக்கு எத்தனை தரம் கோர்ட்டில் குதித்தார்கள் என்று இருக்காது. ஆக, என் ஜவ்வைக் கிழித்தது மாத்திரை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஜவ்வைக் காப்பாற்றும் என்று நம்பி மாத்திரை போடுவதற்கும் போதுமான ஆதாரம் இல்லை.

அந்த மாத்திரையை உண்மையிலேயே பொருட்படுத்தியவர் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில், வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார். அத்தை பக்கத்தில்தான் இருந்தார். கருத்தடை மாத்திரை என்று பெயரோடு சொன்னேன். நர்ஸ் குரலைத் தாழ்த்தி "அது வேண்டாங்க, சுகர், பிரஷர் மாத்திரை மட்டும் சொல்லுங்க" என்றார். எழுதுங்கள் என்று சொல்லி எழுதவைத்தேன். மயக்க மருந்து டாக்டர் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் ஜவ்வு இல்லை, ரத்தம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். கால் ஆபரேஷன் செய்து நடக்காமல் படுத்திருப்பதும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் கால் ரத்தக்குழாயில் கட்டி உண்டாகி, அது நுரையீரலுக்குப் போகிற ஆபத்து உண்டு. அதனால் இந்த வகை ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே அதை நிறுத்துவது நல்லது என்றார். குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா, ஒற்றைத் தலைவலி உண்டா, சிகரெட் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அத்தை முகம் போன போக்கைத் தனியாக எழுத வேண்டும். தேதி தள்ளிப்போனது.

நிறுத்து என்று சொல்வது சுலபம், அதுவரை என்ன செய்வது? திரும்ப மகப்பேறு டாக்டர். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் 'சாயா' மாத்திரையைக் கேட்டேன். ஹார்மோன் இல்லாத வாராந்திர மாத்திரை, லக்னோவில் உருவானது. நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு அது ஆகாது என்று சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லைதான். ஆனால் போட்டுக்கொள்ளும் காலத்தில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும். ஜவ்வைப் புதிதாகப் பதித்து எலும்பில் அது ஒட்ட வேண்டிய நேரத்தில் அது வேண்டாமே என்று எனக்கே தோன்றியது. கடைசியில் ஆணுறை. கணவருக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, சரி, அது அவர் பங்கு.

தொடைக்குப் பின்னாலிருந்து தசைநார் எடுத்து ஏசிஎல் இருந்த இடத்தில் பதித்தார்கள். மயக்கம் தெளிந்ததுமே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள். ரத்தம் ஓட வேண்டுமே. கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ வந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு பிசியோ. துண்டை உருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அமுக்க வேண்டும். முதல் நாள் என் தொடைத் தசை என் பேச்சையே கேட்கவில்லை. அமுக்கு அமுக்கு என்று மனசு சொல்கிறது, அங்கே ஓர் அசைவும் இல்லை. வலியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பிசியோ செய்த பெண் சின்னவள், ஃபுட்பால் பைத்தியம். இங்கிலாந்தின் செல்சி பெண்கள் அணியில் 2020 வாக்கில் பீரியட்ஸ் தேதியைப் பார்த்துப் பயிற்சியை மாற்றியது, ஆர்சனல் அணியின் மீட், மீடமா, வில்லியம்சன் மூவரும் ஏசிஎல் கிழிந்து 2023 பெண்கள் உலகக் கோப்பையை விட்டது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் தேதியெல்லாம் குறித்துக்கொண்டு போய்க் காட்டியபோது, "குறிச்சு வைங்கக்கா, தப்பில்ல. ஆனா எந்த வாரமா இருந்தாலும் முட்டி உள்ள போகாம இறங்குங்க" என்றாள். முறையான வார்ம்-அப்பும் இறங்கும் பயிற்சியும் பெண்களின் ஏசிஎல் காயத்தைப் பாதியளவுக்குக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எங்கள் டீமில் வார்ம்-அப் என்றால் கிரவுண்டை இரண்டு சுற்று ஓடுவது, அவ்வளவுதான்.

நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு பழைய மாத்திரைக்கே திரும்பினேன். முட்டிக்காக இல்லை, பீரியட்ஸ் மறுபடி தாறுமாறாகிவிட்டது. பிரஷர் பார்த்து, பழைய கேள்விகளை இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

ஆபரேஷன் ஆகி 9 மாதம் முடியும்வரை கோர்ட்டில் குதிக்கவே கூடாது என்பதில் பிசியோ கறார். அது முடிந்தும் ஒற்றைக்கால் தாண்டும் சோதனையில் அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். எனக்கு 84 வந்தது. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. செட்டருக்கு மட்டும் அந்த இறங்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன், அவளுக்கும் முட்டி உள்ளேதான் போகிறது.