லிம்ப் போல்ட்டைத் திருகும் முன்

தோள்வலி விடாமல் இருந்த ஒரு மாதத்தில், வில்லின் இழுவையை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையை, சற்றுக் குறைக்கலாம் என்று எண்ணி, வில்லின் மேல் பட்டையான மேல் லிம்பைக் கைப்பிடியோடு பிணைக்கும் போல்ட்டை மட்டும் ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தினேன். இழுவை குறையத்தான் செய்தது. ஆனால் நாணை இழுக்கும்போதெல்லாம் குறிமுள் இலக்கில் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அலைந்தது. நானோ பல நாள்கள் என் பிடியையே நொந்துகொண்டிருந்தேன்.

நுனிகள் இலக்கை நோக்கி வளைந்திருக்கும் ரிகர்வ் வில்லில், கைப்பிடியான ரைசருக்கு மேலும் கீழும் நீளும் இரண்டு பட்டைகளே லிம்புகள். நாணை இழுக்கையில், லிம்பின் இலக்கை நோக்கிய முகம் இழுபடுகிறது. வில்லாளியை நோக்கிய முகம் நெருக்குண்கிறது. நடுப்பகுதி நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. அதனால்தான் மரமோ நுரையோ உள்ளேயும், கண்ணாடியிழையோ கார்பன் இழையோ வெளியேயும் அமைகின்றன. மேற்பரப்பில் விழும் கீறலை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதும் அதனால்தான். லிம்பின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு 2 மடங்காகும். தடிமனை இரட்டித்தால் 8 மடங்காகும். நுனி வளைவுக்கும் காரணம் உண்டு: நாணேற்றிய நிலையில் நாண் அந்த வளைவின் மீது படிந்திருக்கிறது, இழுக்க இழுக்க அது விலகுவதால் நெம்புகோலின் நீளம் கூடி, கடைசி அங்குலங்களில் இழுவை திடீரென ஏறாமல் இருக்கிறது.

லிம்பில் அச்சிட்டிருக்கும் இழுவை எடை 28 அங்குல இழுப்புக்கானது. நடுத்தர வில்லில் ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய 2 பவுண்டு மாறும். போல்ட்டால் மாற்றக்கூடியது அந்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு லிம்ப் வாங்குவதே முறை. தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தாண்டிப் போல்ட்டைத் தளர்த்துவது ஆபத்து.

நான் கவனிக்கத் தவறியது டில்லர், அதாவது இரு லிம்புகளுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளிகளின் வேறுபாடு. லிம்ப் ரைசரைச் சேரும் இடத்திலிருந்து நாண் வரை செங்குத்தாக அளந்தால், மேல் அளவு கீழ் அளவைவிடப் பொதுவாக 0 முதல் 6 மி.மீ. வரை கூடுதலாக இருக்கும். அம்புக்கு மேல் ஒரு விரலும் கீழ் இரண்டு விரல்களும் வைத்து இழுப்பவர்களுக்கு இது பொருந்தும். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைப்பவர்கள் இரண்டையும் ஏறக்குறையச் சமமாகவே வைத்துக்கொள்கிறார்கள். இழுவை மட்டும் மாற வேண்டுமானால் இரு போல்ட்டுகளையும் ஒரே அளவு திருக வேண்டும். டில்லர் மட்டும் மாற வேண்டுமானால் ஒன்றை இறுக்கி, மற்றதை அதே அளவு தளர்த்த வேண்டும். நாணைக் கழற்றி, பூட்டுத் திருகைத் தளர்த்திய பிறகே இதைச் செய்வது என் வழக்கம்.

மேல் போல்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். டில்லர் 4 மி.மீ.க்குத் திரும்பியது. போல்ட் தளரும்போது லிம்ப் நுனிகள் வில்லாளியை நோக்கிச் சாய்வதால், கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, அதாவது பிரேஸ் உயரம், சற்றுக் கூடியிருந்தது. நாணில் நான்கு முறுக்குகளைக் கழற்றியதும் அது பழைய 8¾ அங்குலத்துக்கு இறங்கியது.