எஸ்ஜே413-க்கு ரோல் கேஜ் போட்ட ஏழு மாதம்

வண்டி சாய்ந்தபோது வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட இருக்காது. சரிவான மண்பாதையில் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். மேட்டுப்பக்க முன்சக்கரம் ஒரு வேர்மேல் ஏறியது. அதே நேரத்தில் பள்ளத்துப்பக்கப் பின்சக்கரம் குழியில் இறங்கியது. அவசரமே இல்லாமல் வண்டி பக்கவாட்டில் படுத்தது. படுத்ததோடு நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் உருண்டு, முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலையில் ஊன்றிக்கொண்டு நின்றது. எனக்கும் பக்கத்தில் இருந்த தங்கைக்கும் சிராய்ப்புதான். ஆனால் நிமிர்த்திவிட்டுப் பார்த்தால் அந்தச் சட்டம் உள்பக்கமாக மடங்கி, அவள் தலை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தூரம் வரை வந்திருந்தது. ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, போடாமல் இனி இந்த வண்டி தார் ரோட்டை விட்டு இறங்காது என்று அன்றே முடிவு செய்தேன்.

வண்டி சுசுகி எஸ்ஜே413. குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்), துணிக்கூரை. பல நாடுகளில் சாமுராய் என்ற பெயரில் விற்ற அதே வண்டி. மாருதி ஜிப்ஸி தெரிந்தவர்களுக்கு எளிதாகப் புரியும்: ஒரே குடும்பம், ஜிப்ஸியின் வீல்பேஸ் 2375 மி.மீ., இதற்கு 2030. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், தனி சேஸி (அடிச்சட்டம்), அதன்மேல் ரப்பர் குஷன்களில் உட்கார்ந்திருக்கும் பாடி. இந்த ரப்பர் விஷயம் பின்னால் வரும். என் வேலையில் மூன்று வாரத்தைத் தின்றது அதுதான்.

முதலில் டியூப் தேடினேன். பைப் வேறு, டியூப் வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெளிவானது. தண்ணீர் பைப்பை உத்தேசமான உள்விட்டத்தை வைத்துச் சொல்வார்கள், டியூப்பை வெளிவிட்டத்தையும் சுவர் கனத்தையும் வைத்து. சும்மா கிடைக்கிறதே என்று தண்ணீர் பைப்பில் கூண்டு கட்டாதீர்கள். அதன் உலோகத் தரமும் நீளவாக்கு மூட்டும் இந்த வேலைக்கு உறுதி சொல்லப்பட்டவை அல்ல. நான் பந்தயத்துக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் அளவுகளுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிகளின் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253-ஐ வைத்துக்கொண்டேன். மூட்டில்லாமல் குளிர் நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல், குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ. இழுவிசை வலிமை. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. நான் எடுத்தது 45-ம் 38-ம்.

குரோமாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) போடலாமே என்று இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். எடைக்கு எடை அது வலுவானதுதான். ஆனால் வெல்ட் பக்கத்தில் சூடுபட்ட இடம் கடினமாகி, பக்குவம் தவறினால் வெடிக்கும். சாதாரண ஸ்டீல் உடைவதற்கு முன் நன்றாக வளைந்து கொடுக்கும். கைத்தொழிலாகச் செய்யும் கூண்டுக்கு அந்தக் குணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

எடைக் கணக்கையும் போட்டுவிட்டேன். 45-க்கு 2.5 டியூப் மீட்டருக்குச் சுமார் 2.6 கிலோ, 38-க்கு 2.5 சுமார் 2.2 கிலோ. வளையத்துக்கு 4 மீட்டர், மற்றதுக்கு 16 மீட்டர், தகடுகள் தனி. மொத்தம் 50 கிலோவைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் தோள் உயரத்துக்கு மேலே இருக்கப்போகிறது, அதாவது ஏற்கெனவே சாய்கிற வண்டியின் எடைமையத்தை இன்னும் மேலே தூக்குகிறேன். இதை யோசித்துத்தான் அழகுக்கு என்று ஒரு குழாய்கூடச் சேர்க்கவில்லை. கூரை மேல் விளக்குக் கம்பி, சாமான் தட்டு எதுவும் கிடையாது.

எனக்கு வெல்டிங் ஓரளவு வரும். கூண்டு மூட்டுகளை என் கையை நம்பி விட மனமில்லை. அதனால் இருபது வருடமாகக் குழாய் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போனேன். வளையத்தின் அளவை பாடியிலிருந்து எடுத்து, வரைபடத்தோடு நின்றேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

"கூண்டு வண்டிக்கா தம்பி, உனக்கா?"

"எனக்குத்தாண்ணே."

"அப்ப முதல்ல சீட்டைப் போடு. ஹெல்மெட்ட மாட்டிட்டு, பெல்ட்ட இறுக்கி உட்காரு. அதுக்கப்புறம் அளவெடுக்கலாம்."

இந்த ஒரு பேச்சுதான் மொத்த வேலையையும் திருப்பியது. பழைய சீட் ரெயிலில் புது சீட்டை வைத்து உட்கார்ந்து பார்த்தால், ஹெல்மெட்டுக்கும் நான் வரைந்த வளையத்துக்கும் இடையில் இரண்டு விரல்தான் இருந்தது. வண்டி கவிழும்போது பெல்ட் நீளும், சீட் அமுங்கும், உடம்பு தூக்கிப் போடும். அந்த இரண்டு விரல் இடைவெளியை உடம்பு உடனே தாண்டிவிடும். சீட்டை 50 மி.மீ. கீழே இறக்கினேன். அதற்கு ரெயிலை மாற்றி, தரைக்கு அடியில் கனத்த தகடு வைத்து போல்ட் போட வேண்டியிருந்தது. வளையத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தியதும் எல்லாப் பக்கமும் நாலு விரலுக்கு மேல் கிடைத்தது. தங்கை என்னைவிட உயரம் குறைவு. அவள் பக்கத்துக்குத் தனியாக அளந்தோம்.

பெல்ட்டின் தோள் வார்களைக் கட்டும் குறுக்குக் குழாயின் உயரமும் அப்போதே தீர்மானமானது. தோள்பட்டை வார்கள் தோளிலிருந்து பின்பக்கம் கிடையாகவோ, லேசாகக் கீழே இறங்கியோ போக வேண்டும். 10 முதல் 20 டிகிரி இறக்கம் நல்லது. தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதலின்போது வார் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். உயரத்தைக் கண்ணால் முடிவு செய்யாமல், தோளிலிருந்து ஒரு நூலைப் பிடித்து, கோணமானியை வைத்துப் பார்த்தோம்.

அப்புறம் கால்கள். ஒரு கூண்டு அது நிற்கும் இடத்தைவிட வலுவாக இருக்க முடியாது. கார்ப்பெட்டைப் பிடுங்கி, பழைய தார்ப்பூச்சைச் சுரண்டியபோது ஓட்டுநர் பக்க முன்மூலையில் ஸ்குரூடிரைவர் தரையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனது. முன்காலை வைக்க நினைத்த அதே இடம். துருவை மறைத்து யாரோ எப்போதோ தகரம் ஒட்டியிருந்தார்கள். நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி எடுத்தோம். கடைசியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. புதுத் தகடு வளைத்து வெல்ட் செய்து, மறுபக்கத்தையும் திறந்து பார்த்து, அங்கும் அதே கதை என்று தெரிந்து, அதையும் மாற்றினோம்.

ரப்பர் பிரச்சினைக்கு வருகிறேன். கூண்டை நேராக சேஸியில் பிணைத்தால்தான் பலம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் கரடுமுரடான இடத்தில் சேஸி முறுக்கிக்கொள்ளும். பாடி ரப்பரில் இருப்பதால் அந்த முறுக்கு அதற்கு முழுதாகப் போகாது. கூண்டின் கால்களை பாடிக்கும் சேஸிக்கும் சேர்த்து விறைப்பாகப் பூட்டினால், ஒவ்வொரு முறுக்கும் தரைத் தகட்டைக் கால்களைச் சுற்றிக் கிழிக்கப் பார்க்கும். ஒன்று, கூண்டு பாடியோடு போக வேண்டும். அல்லது சேஸிக்குப் போகும் கால்களில் அசைவுக்கு இடம் கொடுக்கும் ரப்பர் புஷ் வைக்க வேண்டும். யோசித்து, பாடியோடு போவது என்று முடிவெடுத்தேன். கால்களை முடிந்தவரை பாடி மவுண்டுகளுக்கு அருகிலேயே இறக்கி, வயதான ரப்பர்கள் அத்தனையையும் புதிதாக மாற்றி, மவுண்ட் போல்ட்களையும் மாற்றினேன். ஒவ்வொரு முக்கியக் காலுக்கும் தரைக்கு மேலே ஒரு தகடு, அடியில் ஒரு தகடு, நடுவில் தரை. விதிப்படி 3 மி.மீ. கனமும் 120 ச.செ.மீ. பரப்பும் 3 எம்8 (8 மி.மீ.) போல்ட்டும் போதும். நான் 4 மி.மீ. தகடும் 8.8 தர எம்10 போல்ட்டும் போட்டேன். தகட்டை வாசல் சட்டத்தின்மேல் மடக்கிவிட்டதால் சுமை மெல்லிய தரையில் மட்டும் நிற்காமல் அந்தச் சட்டத்தின் பெட்டி வடிவப் பகுதிக்கும் போகிறது.

வளைப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சரியான அச்சு இருக்கும் மெஷினாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளம்பிங் பைப் வளைக்கும் ஹைட்ராலிக் கருவி டியூப்பை நசுக்கிவிடும். வளைவின் ஆரம் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 45-க்கு 135 மி.மீ. 90 டிகிரி வேண்டுமென்றால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வளைக்க வேண்டும், விட்டதும் திரும்பி வரும். முதல் வளையத்தைச் சமதரையில் படுக்க வைத்தபோது ஒரு மூலை 6 மி.மீ. தூக்கிக்கொண்டு ஆடியது. வளைவுகளுக்கு இடையில் டியூப் சற்றுச் சுழன்றிருக்கிறது. நான் இதையே போட்டுவிடலாம் என்றேன், அண்ணன் தலையை ஆட்டினார். இரண்டாவதில் டியூப் முழு நீளத்துக்கும் நேர்க்கோடு ஒன்று கீறி, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். அது தரையோடு படிந்தது.

குழாய்முனையை மீன்வாய் மாதிரி வெட்டி அடுத்த குழாயை அணைத்துப் பிடிக்கச் செய்வதில்தான் பொறுமை முழுவதும் போனது. காகிதத்தைக் குழாயில் சுற்றி, வெட்டுக்கோட்டை வரைந்து, கிரைண்டரில் வெட்டி, அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி. இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் திரும்ப உட்கார்ந்தேன். வெல்ட் நிரப்பிக்கொள்ளும் என்று நினைப்பது தப்பு, இடைவெளி பெரிதானால் வெல்ட் ஆறும்போது குழாயை இழுக்கும் இழுப்பும் பெரிதாகும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றினோம், ஆல்டர்னேட்டர் ஒயரைப் பிரித்தோம், பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்தே இறக்கி வெளியே கொண்டுபோனோம். காலி டேங்க்தானே என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஆவி பெட்ரோலைவிட ஆபத்து. எர்த் கிளாம்ப் எப்போதும் வெல்ட் பக்கத்திலேயே. முதலில் எல்லா மூட்டுக்கும் டேக் (பிடிப்புக்கு மட்டும் வைக்கும் சிறு வெல்ட்) மட்டும். கதவுகளைப் பூட்டித் திறந்து பார்த்து, டேஷ்போர்டைத் திரும்ப வைத்துப் பார்த்து, நானும் தங்கையும் ஏறி உட்கார்ந்து இறங்கி, அதன்பிறகுதான் முழு வெல்ட். அப்போதும் இடது முன்காலை ஒரே மூச்சில் முடித்ததால் அது 4 மி.மீ. உள்ளே இழுத்துக்கொண்டு கதவு உரசியது. வெல்டை அறுத்துத் திருத்திய பிறகு இடம் ஒரு கோடு, வலம் ஒரு கோடு என்று அண்ணன் மாற்றி மாற்றிப் போட்டார். துணிக்கூரை வண்டி என்பதால் குழாயின் மேல்பக்கத்துக்கும் டார்ச் எட்டியது. மூடிய பாடியில் இது பெரிய தலைவலி.

வளையத்தின் குறுக்கே ஒரு மூலைவிட்டம், மேலே கூரைக்கு ஒன்று, பின்தாங்கிகள் இரண்டு, அவற்றுக்கும் ஒரு குறுக்கு. முக்கோணம் இல்லாத கூண்டு பக்கவாட்டில் தள்ளினால் தீப்பெட்டி உறை மாதிரி மடியும்.

குழாய்மேல் சுற்றும் பேடிங் பற்றி மனதாரச் சொல்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் சாதாரண ரோட்டில் ஓட்டும்போது வெறும் தலைக்கு அருகில் இரும்புக் குழாய் இருப்பது புது ஆபத்து. ஏசி குழாய்க்குச் சுற்றும் மெத்து ஸ்பாஞ்ச் உதவாது, கட்டைவிரலால் அழுத்தினாலே இரும்பு தெரியும். எஃப்ஐஏ 8857-2001 தரத்தில் வரும் அடர்த்தியான பேடிங்கைத் தலை எட்டும் இடமெல்லாம் கட்டினேன். வண்டியை இப்படி மாற்ற உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா, இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது என்பதை டியூப் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் 30 இன்ச்சுக்குப் போனது. பழைய 205/70 ஆர்15-ஐவிட விட்டம் சுமார் 14 சதவீதம் பெரிது, அதனால் வண்டி மூச்சு வாங்கியது. டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) மெதுவாக ஏறி இறங்குவதற்கான லோ ரேஞ்ச் 2.268-க்குப் பதில் 4.16 கியர் செட் போட்டேன். முதல் கியரில் லோ ரேஞ்சின் மொத்தக் குறைப்பு, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுற்றும் சுற்றுகள், 31-லிருந்து 57-க்குக் கிட்டப் போனது. இப்போது கல்மேட்டில் கிளட்ச்சைத் தொடாமலே நடைவேகத்துக்கும் கீழே இறங்க முடிகிறது. அன்றைக்கு இது இருந்திருந்தால் அந்த வேரையே இன்னும் பதமாக ஏறியிருப்பேன். ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றிப் பெரிதாக உயர்த்தச் சொன்னவர்கள் உண்டு. எடைமையம் ஏறும், ஸ்டீயரிங் ராட் கோணம் கெடும், வேண்டாம் என்று 50 மி.மீ. உயரும் ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொண்டேன். கவிழ்ந்தால் பறக்காதபடி பேட்டரிக்கு இரும்புப் பட்டை, டேங்க் காற்றுக்குழாயில் கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு, டூல் பாக்ஸுக்கு நாலு கொக்கி, கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான்.

100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் 45 நியூட்டன் மீட்டருக்கு வைத்துச் சரிபார்த்தேன். வலது பின்காலில் இரண்டு நட்டு கால் சுற்று இறுகின. தகடுகளுக்கு இடையில் பெயின்ட்டைத் தடிமனாக அடித்துவிட்டோம், அது நசுங்கியிருக்கிறது. கழற்றி, சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் விட்டு மறுபடி பூட்டினோம்.

கடைசியாக ஒன்று மீதியிருந்தது. அன்றைக்கு வண்டி சாய்ந்தபோது தங்கையின் கை தானாக வெளியே போய்க் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தது. யாருக்கும் அப்படித்தான் போகும். இப்போது அந்த இடத்தில் கூண்டுக் குழாய் இருக்கிறது. அதைப் பிடித்தால் வண்டிக்கும் தரைக்கும் இடையில் விரல் மாட்டும். பக்கவாட்டுக்கு வலை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரை காத்திராமல் டேஷ்போர்டில் அவளுக்கு ஒரு கைப்பிடி வைத்தோம். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, "இப்ப சாயுதுன்னு சொல்லுண்ணா" என்றாள். சொன்னேன். முதல் இரண்டு தடவை கை குழாய்க்குத்தான் போனது. கைப்பிடியை ஒரு சாண் மேலே நகர்த்தினோம். அதற்கப்புறம் சொன்ன ஐந்து தடவையும் நேராக அதையே பிடித்தாள். சாக்பீஸால் குறித்து, அங்கேயே துளை போட்டோம்.