ஒரு 'இன்' படுத்திய பாடு

நம்ம ரயில்வே கேட்டைப் பற்றித்தான் தெரியுமே. மூடினால் ஒரு பாசஞ்சர், அதன் பின்னால் ஒரு கூட்ஸ், அப்புறம் எதுவுமே வராமல் பத்து நிமிடம். நேற்று சாயங்காலம் ஒரு பெட்ரோல் டேங்கருக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டோம். அதன் முதுகில் கொட்டை எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. பக்கத்தில் பைக்கில் இருந்தவர் சாவகாசமாகப் பீடியை எடுத்து உதட்டில் வைத்தார்.

அப்பா கண்ணாடியை இறக்கிக் கத்திய கத்தலில் பீடி காதுக்குப் போய்விட்டது.

"எதுக்கு தாத்தா கத்துறீங்க? கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். அப்போ இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காதுதானே?" இது பின்சீட்டிலிருந்து பாப்பா.

காருக்குள் பற்றிக்கொண்டது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள், அந்த 'இன்' லத்தீனில் தீ மூட்டுகிற வினைச்சொல்லோடு ஒட்டியே வந்தது என்று அப்பா வகுப்பெடுத்தார். பாப்பா நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. யாராவது இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டு வெந்து தொலைப்பார்கள் என்று பயந்துதான் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே அந்த 'இன்'னைக் கழற்றச் சொன்னது. நம்ம டேங்கர்களில் அது இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

அப்பா அத்தோடு விட்டிருக்கலாம். "சரி, இன்வால்யுபிள்னா என்ன?"

"மதிப்பே இல்லாதது."

ஹாலில் மாட்டியிருக்கிறதே, கேஸ் போட வருகிறவர்கூட நின்று படித்துவிட்டுப் போகவேண்டிய அப்பாவின் பிரிவு உபசார மடல், அதில் மூன்றாவது வரி 'இன்வால்யுபிள் சர்வீஸ்'. கேட் திறந்தது, பின்னால் ஹாரன் அலறியது, அப்பா வாயே திறக்கவில்லை. விலை போடவே முடியாத அளவுக்கு உசத்தி என்று நான் சமாளித்துப் பார்த்தேன். "அப்போ பிரைஸ்லெஸ்ஸும் வொர்த்லெஸ்ஸும் ஒண்ணா?" என்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் இங்கிலீஷ் நோட்டை வாங்கிப் புரட்டினார். எதிர்ச்சொல் பக்கத்தில் வால்யுபிளுக்கு எதிரே இன்வால்யுபிள். சிவப்பு மையில் டிக். கீழே 'குட்' வேறு.

நாளைக்கு முதல் வேலையாகப் பள்ளிக்கூடம் போகிறாராம். மடலைக் கழற்றி, கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து, மஞ்சப்பையில் எடுத்து வைத்தாகிவிட்டது. வண்டி ஓட்டவேண்டியது நான். ஆபீசில் என்னவென்று சொல்லிப் பர்மிஷன் கேட்பது?