சார் காட்டிய கடை

தமிழ் சார் மறைந்த செய்தி வந்த அன்று, நம் பழைய மாணவர் குழுவில் ஆளாளுக்கு அவர் செய்யுள் நடத்தும் அழகைத்தான் எழுதினீர்கள். எனக்கு அவருடைய சனிக்கிழமைகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன.

எட்டாம் வகுப்பில் கோனார் உரை வாங்க அப்பாவோடு நாகர்கோவில் போயிருந்தேன். மணிமேடைப் பக்கம் ஒரு கடை. தட்டில் இருந்த கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். "காசு இருக்காலே? இல்லேன்னா அங்க வை" என்று கடைக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்ததை வாங்கித் தட்டில் வைத்தார். அப்போது அவர் முகம் போன போக்கு இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே எங்கள் நாலைந்து பேரைத் தக்கலையில் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். இது வேறு கடை. நிறைய சோவியத் புத்தகங்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், அப்படியிருந்தும் நம் கைக்கு எட்டுகிற விலை. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் மீரும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பியவை. செலவில் பெரும்பங்கை சோவியத் அரசே ஏற்றதால்தான் அந்த விலை.

சார் ஒன்றை எடுத்து நடுவில் விரித்தார். தையலை விரலால் தடவிப் பார்த்தார். முதல் பத்தியை மெல்ல வாசித்துவிட்டு என் கையில் தந்தார். "பிடிச்சா வாங்கு மக்களே, பிடிக்கலன்னா திருப்பி வை. பாக்கதுக்குக் காசு கிடையாது." கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சாருக்கு அங்கே பற்று உண்டு. சம்பளம் வாங்கியதும் கொஞ்சம் அடைப்பார், அன்றைக்கே இன்னொன்று ஏறிவிடும்.

1991இல் சோவியத் நாடே இல்லாமல் போனது. புதிய புத்தகங்கள் வருவதும் நின்றது. கொஞ்ச காலத்தில் நானும் சிங்கப்பூர் வந்துவிட்டேன்.

இங்கே 1997இல் வீலாக் பிளேஸில் பார்டர்ஸ் புத்தகக் கடை திறந்தபோது, தரையில் உட்கார்ந்து படிப்பவர்களைக் கூட யாரும் எழுப்பவில்லை. சார் பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன். 2011இல் அதையும் மூடினார்கள். நூலகங்களில் தமிழ் அலமாரி இருப்பது பெரிய ஆறுதல். சொந்தமாக வேண்டுமென்றால் ஊரிலிருந்து வரவழைக்கிறேன். 1988இல் இதழாகத் தொடங்கிய காலச்சுவடு, பதிப்பகமாக வளர்ந்து நாகர்கோவிலிலிருந்தே புத்தகம் போடுகிறது. நம் பள்ளியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் வெளியாவது கடல் தாண்டி என்னிடம் வருகிறது.

புத்தகம் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்தால் எதுவும் வீட்டு வாசலுக்கே வரும். பெயரே தெரியாத எட்டாம் வகுப்புப் பையன் எதைத் தேடுவான்? போன முறை போனபோது சாரின் கடையில் முன்பாதி முழுக்க போட்டித் தேர்வுக் கைடுகள், பின்பாதியில் நோட்டும் பேனாவும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். அரசு இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துவது நல்ல காரியம்தான். அது முடிந்த பிறகு பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சார் வாங்கப் பழக்கிய எங்களுக்குக் கையில் காசு வந்த வயதில் நாங்கள் யாருமே ஊரில் இல்லை. அங்கேயே இருந்திருந்தால் எங்கள் பெயரிலும் அந்தக் கடையில் ஒரு பற்று ஓடியிருக்கும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பெட்டி கட்டி அனுப்பும் பரிசுப் புத்தகங்களை இந்த முறை விட்டுவிடுவோம். அந்தப் பணத்தை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு புத்தகக் கடையில் முன்கூட்டியே கட்டிவிடலாம். ஒரு சனிக்கிழமை ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிப் போகட்டும். வேண்டியதை அவர்களே எடுத்துப் பார்த்து வாங்கட்டும். முதல் பங்கு என்னுடையது.