இன்னொரு விஷயம், வியாழக்கிழமை

இதை எழுதக் காரணம் என் வேலை நோட்டில் இருக்கும் ஒரு வரி. சம்பா பயிர்க் காப்பீட்டின் கடைசி நாட்களில் எழுதியது. ஒரு பெயர், ஒரு சர்வே எண், ‘அடங்கல், வியாழன்’ என்ற குறிப்பு. அடங்கல் என்பது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கு. அந்தக் குறிப்பின் கீழே அவசரமாகச் சாய்ந்த எழுத்தில் ‘இன்னொரு விஷயம், வியாழன்’. இரண்டுக்கும் எதிரே முடிந்ததற்கான சிவப்பு டிக் இருக்கிறது. முதல் டிக்கில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவதைப் போட்டது சரிதானா என்ற கேள்விக்குப் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். எந்தப் பதிலும் நெடுநாள் நிற்பதில்லை.

கிராம நிர்வாக அலுவலர் வேலையில் சுமை எங்கே இருக்கிறது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வேலை அதிகம் என்பது பாதி உண்மைதான். ஒரே மாதிரியான வேலை மலையாகக் குவிந்திருந்தாலும் உட்கார்ந்து முடித்துவிடலாம். இங்கே ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம், வேறு வேறு இடத்தில், வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்கு. டீக்கடையில் ஒருவர் வாரிசுச் சான்றை நினைவுபடுத்துவார். மதகடியில் நிற்கும்போது இன்னொருவர் பட்டா மாறுதல் என்ன ஆயிற்று என்பார். கூடுதல் பொறுப்பில் இருக்கும் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதியோர் ஓய்வூதிய விசாரணைக்கு எப்போது வருகிறீர்கள் என்று போன் வரும். அதற்குள் வட்டாட்சியர் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மாலைக்குள் மழைச் சேத விவரம் கேட்டிருப்பார்கள். எல்லோரிடமும் ‘சரி, பார்த்துவிடுகிறேன்’ என்று சொல்லியிருப்பேன். பகலில் மறந்தவையெல்லாம் நடுஇரவில் ஒவ்வொன்றாக வரும். எழுந்து உட்கார்ந்து, யாருக்கு என்ன சொன்னோம் என்று விரல் விட்டு எண்ணிய இரவுகள் உண்டு. மனைவி விளக்கைப் போட்டு, ‘ஆஸ்பத்திரிக்குப் போவோமா?’ என்று கேட்ட இரவும் உண்டு.

நீள நோட்டு அதன்பிறகுதான் வந்தது. யார் எதைக் கேட்டாலும் கேட்ட இடத்திலேயே எழுதிவிடுவது. எழுதும்போதே அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன, எந்த நாளில் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுவது. வயல் தணிக்கைக்குக் காலை நேரத்தையும், சான்றுகளுக்குச் செவ்வாய், வியாழனையும் ஒதுக்குவது. மாலையில் அலுவலகத்தைப் பூட்டுமுன் அன்றைய பக்கத்தை ஒருமுறை பார்த்து, முடியாதவற்றுக்குப் புது நாள் போடுவது. இவ்வளவுதான் முறை. செயலி எதையும் நான் நாடவில்லை. கேட்பவர் கண்ணெதிரே காகிதத்தில் பேனா ஓடுவதில் ஒரு பலன் இருந்தது. ‘எழுதிக்கிட்டேன்’ என்று சொன்னால் அவர் முகமும் தெளிந்துவிடும், என் தலையும் லேசாகிவிடும்.

அப்படி லேசாவதற்குக் காரணம் இருக்கிறது. பெர்லினில் ஆய்வு செய்த ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே மனிதர்களுக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன என்று 1927இல் எழுதினார். பின்னாளில் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை. ஆயினும் 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை என் அனுபவத்தோடு ஒத்துப்போனது. முடியாத வேலை மனத்தில் வந்து குறுக்கிடுவதை நிறுத்த, அந்த வேலையை முடித்தாக வேண்டியதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக ஒரு வழி வகுத்துக்கொண்டாலே குறுக்கீடு அடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்தபோது என் நோட்டுக்குச் சான்றொப்பம் கிடைத்ததுபோல மகிழ்ந்தேன். இப்போது அதே கண்டுபிடிப்புதான் என்னை உறுத்துகிறது. நாள் குறித்த உடனே மனம் அமைதி அடைந்துவிடுகிறது என்றால், அந்த அமைதி யாருக்குக் கிடைத்தது? எனக்குத்தான். எதிரே நின்றவருக்கு அது கிடைத்ததா என்று எந்த நோட்டும் சொல்லாது.

அந்த வரியை எழுதிய செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்ததிலிருந்து, நவம்பர் முதல் பாதி டெல்டாவில் எப்படி இருக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. அதற்கு முன்பு அடங்கலோ விதைப்புச் சான்றோ கையில் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததைக் கண்ட ஊர்களில், அந்தத் தேதியை யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. வாசலில் சைக்கிளும் மொபெட்டுமாக நின்றன. வெளியே தூறல். நோட்டில் பெயர் இருக்கும் அந்த விவசாயியின் முறை வந்தபோது, உரமூட்டையின் உள்ளுறைப் பாலித்தீனில் சுற்றிய காகிதங்களை ஈரம் படாமல் பிரித்து மேசையில் வைத்தார். சிட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம், நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம். பட்டா வெளியூரில் இருக்கும் ஒருவர் பெயரில். பயிர் வைப்பவர் இவர். தகப்பனார் காலத்திலிருந்தே வாய்மொழிக் குத்தகை. வயலை நான் பார்த்தாக வேண்டும் என்பதால், புதன் காலை அந்தப் பக்கம் வருவதாகவும், வியாழன் அடங்கல் தருவதாகவும் சொல்லி எழுதிக்கொண்டேன். அவர் காகிதங்களை மறுபடியும் சுற்றினார். சுற்றி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

“சார், அடங்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு விஷயம் உங்ககிட்ட சொல்லணும்.”

“ஐயா, வாசல்ல எத்தன பேர் நிக்கிறாங்க பாருங்க. வியாழக்கிழமை வரும்போது அதையும் பேசிடுவோம். இதோ, எழுதிக்கிட்டேன்.”

அவர் நோட்டைப் பார்த்தார். நான் எழுதும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதிட்டீங்களா? சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி புதன்கிழமை வயலைப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. களை எடுக்கும் பெண்கள் மட்டும் இருந்தார்கள். வியாழக்கிழமை வந்தார். அடங்கலில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மை காய ஊதிக் கொடுத்தேன். நோட்டில் அடுத்த வரி இருந்ததால் நானே கேட்டேன்: “ஐயா, இன்னொரு விஷயம்னு சொன்னீங்களே?”

“அது ஒண்ணுமில்லீங்க சார். நீங்க வேலையப் பாருங்க.”

நான் டிக் போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வாக்குத் தவறவில்லை, தேதி தவறவில்லை, கேட்க மறக்கவும் இல்லை. நோட்டு இல்லாத காலமாக இருந்திருந்தால் வியாழக்கிழமை அப்படி ஒரு விஷயம் இருந்ததே எனக்கு நினைவிருந்திருக்காது. அந்த வகையில் முறை தன் வேலையைச் செய்தது. சம்பா அறுவடை முடிந்து, மறு ஆண்டு குறுவைக்கு அடங்கல் எழுதும்போது அந்தச் சர்வே எண்ணில் வேறொருவர் நடவு செய்திருப்பதைக் கண்டேன். உடன் வந்த கிராம உதவியாளர், “அவருக்கும் நெலத்துக்காரருக்கும் ஐப்பசியிலயே பேச்சு வந்துடுச்சு சார். உங்ககிட்ட சொல்லலையா?” என்றார்.

ஐப்பசி என்றால் காப்பீட்டு நாட்கள். அவர் சொல்ல வந்தது இதுதானா? தெரியாது. பேரனின் சாதிச் சான்றாக இருக்கலாம். வாய்க்கால் ஆக்கிரமிப்பாக இருக்கலாம். பிறகு அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். நலம் விசாரித்தார். இதைக் கேட்கலாமா என்று நினைத்தபோதே, கேட்டு என்ன பயன் என்றும் தோன்றியது. இப்போது கேட்பது அவருக்காகவா, என் மன நிம்மதிக்காகவா என்ற கேள்வியும் சேர்ந்து வந்ததால் கேட்கவில்லை.

அதுவாகவே இருந்திருந்தாலும் என்னால் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குள் வாதாடியிருக்கிறேன். குத்தகைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் எனக்கு இல்லை. 1969இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தைச் சொல்லி, பதிவு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம் என்று வழிகாட்டியிருக்கலாம். ஆனால் மனுக் கொடுத்த மறுநாளே நிலத்துக்காரரின் முகம் மாறும் என்பதற்காகத்தான் டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைதாரர்கள் பலர் தலைமுறை கடந்தும் பதிவேட்டுப் பக்கம் போகாமல் இருக்கிறார்கள். அவரும் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். இந்த வாதம் சரிதான். ஆனால் அவர் தீர்ப்புக் கேட்டு வந்தார் என்று நான் எதை வைத்து முடிவு செய்கிறேன்? அடங்கலில் பயிர் செய்பவர் பெயரை எழுதும் ஆளிடம், முதலில் சொல்லிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் நினைத்திருக்கலாம்.

அன்று வாசலில் நின்றவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கும் அதே கடைசித் தேதிதான். முறைப்பாசனத்தில் நாள் குறித்து மதகைத் திறந்து மூடாவிட்டால் தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும், கடைமடைக்கு ஈரம்கூட வராது. நோட்டு வருவதற்கு முன் என் அலுவலகமும் அப்படித்தான் நடந்தது. குரல் உயர்த்தியவர், கட்சித் துண்டு போட்டவர், தாலுகாவிலிருந்து போன் போடவைத்தவர் வேலை முதலில் முடியும். ஓரமாக நின்றவர் நாளைக்கு வருவார். எழுதிய வரிசைதான் ஓரமாக நின்றவருக்கு ஒரு முறையைக் கொடுத்தது. ஆகவே அந்த வரிசையை அன்று நான் காத்தது, அவரைப் போன்றவர்களுக்காகத்தான். இதில் எனக்கு இன்றும் உறுதி உண்டு. ஆனால் ஓரமாக நிற்பவர்கள்தான், தங்கள் முறை வந்தபோதும் இரண்டாவது விஷயத்தைச் சத்தமாகச் சொல்லத் தெரியாதவர்கள். ஒருமுறை தள்ளிவைத்தால் அதை மறுபடி எடுக்கமாட்டார்கள். சத்தம் போடத் தெரிந்தவர் வியாழக்கிழமையும் விட்டிருக்கமாட்டார்.

முதியவர்கள் சிலர், ‘கணக்குப்பிள்ளை காலத்தில் நோட்டு கீட்டு கிடையாது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்’ என்பார்கள். 1980இல் கணக்குப்பிள்ளை போன்ற பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பிறகு தேர்வு எழுதி வெளியூரிலிருந்து எங்களைப் போன்றவர்கள் வந்தோம். எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பது பரம்பரையாக வந்தவருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். ஐப்பசியில் நடந்த பேச்சு அவர் காதுக்கு அன்று மாலையே போயிருக்கும். ஆனால் அவர் யாரை நினைவில் வைத்தார், யாரை வசதியாக மறந்தார் என்பதும் இந்த மண்ணில் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த மனப்பாடத்துக்கு நான் திரும்பத் தயாரில்லை. அவருக்குத் தெரிந்ததில் ஒரு பங்காவது எனக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையை விடவும் முடியவில்லை.

பக்கத்துக் குறுவட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவர், தூக்கம் வரவில்லை என்று சொல்லி என்னிடம் யோசனை கேட்டார். நோட்டைக் காட்டினேன். அந்த வரியையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். “அண்ணே, நீங்க கேட்டீங்க, அவர் ஒண்ணுமில்லன்னுட்டார். அதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்? இதையும் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டா நோட்டு போட்டதே வீண்” என்றார். அவர் சொன்னது சரி என்றே பட்டது. வேறு யாராவது வந்து இதையே என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அவர் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். வந்த காரியம் முடிந்தும் ஒருவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால், பேனாவை மூடிவிட்டு, வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், என்ன என்று அப்போதே கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். சிலர் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. அன்று வரிசையின் கடைசியில் நிற்பவர் மறுநாள் வரவேண்டி இருக்கிறது, அவரும் ஓர் ஏழையாகத்தான் இருக்கிறார். அவர்கள் சொல்வதில் பாதியை நோட்டில் எழுத முடிவதில்லை. நாள் குறிக்க அதில் ஏதும் இருப்பதில்லை. எழுத முடியாததால் அது தலையிலேயே தங்கிவிடுகிறது. முன்போல நடுஇரவில் விழித்துக்கொள்ளும் இரவுகள் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. அந்தத் தங்கையிடம் இந்தப் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. இந்த நவம்பர் கூட்டத்தை அவர் முதலில் நோட்டை வைத்தே சமாளிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.